இடம் மாறிய பொட்டு

அத்தியாயம் 6

"பதினாலு மிஷினு, பதினாலுக்கும் பொட்டு வச்சிருக்கு. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நடுவுல நிக்கிறேன்க்கா. இதுல எதைன்னு பாக்கச் சொல்றீங்க?" என்றான் பழனிக்குமார்.

"வாயை மூடிட்டுக் கண்ணைத் தொறலே. பாக்க வேண்டியது தானா தெரியும்" என்றார் இருளாயி.

சிரிப்பாரா? மாட்டார். பத்தொன்பது வருஷம் போலீஸில் ஏட்டம்மாவாக இருந்து, முழங்கால் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கித் திண்டுக்கல்லில் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரிப்பையும் அதோடு மடித்துக் கொடுத்துவிட்டார் என்பது பழனிக்குமாரின் கட்சி. ஆறு வருஷமாக அவருக்கு அவன்தான் உதவியாளன். வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, பேசப் பேச எதிரில் இருப்பவர் அழ ஆரம்பித்தால் ஏதாவது கோணங்கித்தனமாகச் சொல்லி அழுகையை நிறுத்துவது, இவையெல்லாம் அவன் சோலி. கடைசியாகச் சொன்னதில் மட்டும் அவன் கெட்டிக்காரன். அதை அவனே நம்பியிருந்தான்.

அன்று சனிக்கிழமை. கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகிற ரோட்டில், சௌம்யா டீச்சர் வீட்டு மிஷின் அறை. ஜன்னலுக்கு வெளியே காலை பத்து மணிக்கும் மேகம் கலையவில்லை. காவ்யா காணாமல் போய் மூன்று நாள் முடிந்து நாலாவது நாள் ஓடிக்கொண்டிருந்தது.

காவ்யாவுக்கு இருபத்து மூன்று வயது. ஆடலூர் பக்கத்து மலைக்காரப் பெண். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று சௌம்யா கூட்டி வந்தாள். வந்த இரண்டாம் நாளே, மதுரை மெக்கானிக் கைவிட்ட ஒரு மிஷினைக் காவ்யா ஒரு கொண்டை ஊசியை வைத்து ஓட விட்டாள். அன்றோடு சமையல் சௌம்யாவிடமே திரும்பி வந்தது, மிஷின்கள் காவ்யாவிடம் போயின. பின்பக்க அறையில் தங்கிக்கொண்டாள்.

சௌம்யா பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறவள். பழனியில் பிறந்து வளர்ந்தவள், நாற்பதை நெருங்குகிறவள். பழைய தையல் மிஷின் எங்கே கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவாள். காலி செய்கிற பங்களாக்கள், மூடிப்போன ஹாஸ்டல், பழைய இரும்புக் கடை, எதையும் விட்டதில்லை. ஒரு மிஷினை வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் போட்டான். அலமாரியில் கண்ணாடி போட்டுப் பூட்டி வைக்கிற ஆசையும் இல்லை. பதினாலும் ஓட வேண்டும். உடுத்துவதெல்லாம் அவளே தைத்தது, கடையில் துணியாக வாங்குவாளே தவிர உடுப்பாக வாங்கிப் பன்னிரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'கவுன் மிஸ்'. இப்போது அந்த கவுன் மிஸ் தானே தைத்த ஒரு கரும்பச்சைக் கவுனுக்கு மேல் பெரிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மூன்று நாளாகத் தலை வாரவில்லை போலிருந்தது.

"புதன்கிழமை ஆயுதபூஜை. காலையில எல்லா மிஷினுக்கும் நானே பொட்டு வச்சேன். எட்டு மணிக்குப் பழனிக்குக் கிளம்பினேன், அங்க அம்மா வீட்டுல பூஜை" என்றாள். "காவ்யா மத்தியானம் ஆடலூர் பஸ்ஸைப் பிடிக்கிறேன்னு சொன்னா. ராத்திரியே திரும்பிரணும்னுதான் நினைச்சேன். லீவு கூட்டம், காட் ரோட்டுல ஒரே டிராஃபிக் ஜாம்னு சொன்னாங்க. சரி, காலையில போகலாம்னு தங்கிட்டேன். வியாழக்கிழமை சாயந்தரம்தான் வந்து சேர்ந்தேன்."

"வந்தா வாசல்ல நான் உக்காந்திருக்கேன்" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

காவ்யாவின் அம்மா பெத்தம்மாள். நாற்காலி போட்டும் உட்காராமல், நிலைப்படி ஓரமாகத் தரையில் குந்தியிருந்தாள். மடியில் ஒரு பொரிப் பை. மகளுக்காகக் கொண்டுவந்தது, மூன்று நாளாகக் கையை விட்டு இறக்கவில்லை.

மகள் டீச்சர் வீட்டிலேயே இருப்பதாக அம்மா நினைக்க, அம்மாவிடம் போயிருப்பதாக டீச்சர் நினைக்க, நடுவில் பெண்ணைக் காணவில்லை. போன் அணைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, வயசுப் பெண், இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள். அன்று மத்தியானம் சௌம்யா திண்டுக்கல்லுக்குப் போன் போட்டாள். வந்து இறங்கிய இருளாயியும் பழனிக்குமாரும் சாயந்தரத்துக்குள் ஒரு பெயரைப் பிடித்துவிட்டார்கள். ஞானவேல். வெளிநாட்டுத் தையல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறேன் என்று மலையடிவாரம் முழுக்கச் சுற்றியவன். ஆடலூருக்கும் வந்து பெத்தம்மாளிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறான். தேடிப் போனால் அவன் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பூஜைக்கு முன்னாலேயே காலி செய்துவிட்டான் என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

அத்தோடு முட்டுச்சந்து. அதனால்தான் இருளாயி மறுபடி இந்த வீட்டிலிருந்தே ஆரம்பித்தார்.

"நீ எப்ப கிளம்புனே பெத்தம்மா?" என்று கேட்டார்.

"புதன்கிழமை பொழுது வரைக்கும் பாத்தேன், பிள்ளை வரல தாயி. சரி, நாமளே போயிட்டு வருவோம்னு கடைசி பஸ்ஸுக்கு அய்யம்பாளையம் இறங்கி, நாத்தனா வீட்டுல படுத்துக்கிட்டேன். வியாழக்கிழமை வெள்ளனே மொத பஸ்ஸுக்கு வத்தலக்குண்டு. அங்க வந்து உக்காந்தா மலைக்குப் போற பஸ்ஸே வரல. ரெண்டு மணி நேரம்! டீச்சரம்மாவுக்குன்னு ஒரு மூட்டை சௌசௌ வேற. அதுக்கும் ஒரு வேன்காரன் ஹாரன் அடிச்சு உசிர வாங்கிட்டான். வழியில மூட்டைய வச்சிருக்கேனாம். கெழவி, காது கேக்கலையாங்கிறான். போப்பா சாமி, போன்னு இழுத்துப் போட்டேன்."

"சௌசௌ மூட்டைக்கு ஹாரனா?" என்றான் பழனிக்குமார். "உள்ள கலெக்டர் உக்காந்திருந்தாரோ என்னவோ. சௌசௌன்னு தெரிஞ்சிருந்தா அவரே இறங்கி ஓடியிருப்பாரு. எங்க வீட்டுல அதைக் கூட்டு வச்சா நான் அப்படித்தான் ஓடுவேன்."

பெத்தம்மாள் லேசாகச் சிரித்தாள். மூன்று நாளில் அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு என்று சௌம்யா ஆச்சரியமாகப் பார்த்தாள். பழனிக்குமாருக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. இந்த வழக்கில் தன்னால் ஆன ஒரு காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு, வரிசையாக மிஷின்களைப் பார்க்கத் தொடங்கினான்.

பழனி அடிவாரத்தில் அவன் அப்பா டெய்லர். பாதயாத்திரைக்காரர்களுக்குத் தோள்பை தைத்துக் கொடுத்தே நாலு பிள்ளைகளை வளர்த்தவர். பத்து வயதில் பழனிக்குமாரை மிஷினில் உட்கார வைத்தார், இருபது வயதில் அவன் எழுந்து ஓடிவிட்டான். ஆனாலும் ஆயுதபூஜை என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது ரத்தத்தில் கிடக்கிறதே. முந்தின நாள் நூலையெல்லாம் உருவி, மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட வேண்டும். பூஜையன்று பொட்டு வைத்த பிறகு தொடக்கூடாது. அவசரம் என்று அமைச்சரே வந்து நின்றாலும் அன்றைக்கு ஊசி இறங்காது. மறுநாள் விஜயதசமியன்று காலையில் ஒவ்வொன்றிலும் நாலு தையல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேலை.

"விஜயதசமிக்கு ஓட்டுனீங்களா டீச்சர்?"

"எங்க ஓட்டுறது? வந்ததும் இவங்க வாசல்ல. அப்பவே தேட ஆரம்பிச்சாச்சு. இந்த ரூமையே இப்பதான் உங்களுக்காகத் திறக்கிறேன்."

"பொட்டெல்லாம் சக்கரத்து உச்சியில வச்சீங்களா?"

"எல்லாத்துக்கும் உச்சியிலதான். நேரா, ஒரே மாதிரி. காவ்யா ஸ்கேல் வச்சுப் பாப்பா."

"அப்ப இந்தம்மா மட்டும் ஏன் தலைகீழா நிக்கிறாங்க?"

ஜன்னலோரம், கடைசி மேசையில், கருப்பாக, மற்றதில் பாதி உயரம்கூட இல்லாத ஒரு கைமிஷின். அதன் சக்கரத்துப் பொட்டு அடியில் இருந்தது, மேசையைத் தொடுகிற மாதிரி.

சௌம்யா கதவை விட்டுவிட்டு வந்தாள். "வீம்பி!" என்றாள். அவளையறியாமல் வந்த பெயர். "காவ்யா வச்ச பேரு. எல்லா மிஷினும் சக்கரத்தை நம்ம பக்கமா சுத்தினா ஓடும். இது மட்டும் எதிர்ப்பக்கமா சுத்தினாத்தான் ஓடும். அதான் வீம்பி."

"தானா உருண்டிருக்குமா?" இது இருளாயி.

"இல்ல மேடம். நிறுத்தின இடத்துல நிக்கும்."

"எலி கிலி?"

"எலி நூலைக் கடிக்கும்க்கா, நூலைக் கோக்காது" என்றான் பழனிக்குமார். ஊசியைக் காட்டினான். கரும்பச்சை நூல், ஊசிக்காதில் ஒழுங்காகக் கோத்து, நுனி சுத்தமாக வெட்டிக் கிடந்தது. "மத்த பதிமூணும் வெறும் ஊசி. பூஜைக்கு நூலை உருவியாச்சு. இதுல மட்டும் பூஜைக்கு அப்புறம் யாரோ நூலைக் கோத்துத் தைச்சிருக்காங்க."

இருளாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "யாரோன்னா யாரு? சொல்லுலே, நீ டெய்லர் மகன்தான?"

"வெளியாளு உக்காந்தா பழக்க தோஷத்துல தன் பக்கமா சுத்துவான். மொத சுத்துலயே வீம்பி மூஞ்சியக் காட்டியிருக்கும், நூலு அறுந்து சிக்கிக் கெடக்கும். ஒரு சிக்கலும் இல்ல. தெரிஞ்ச கைதான். இதோட கொணம் இந்த வீட்டுல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தங்க பழனியில இருந்தாங்க."

"காவ்யாவா?" சௌம்யா தலையாட்டினாள், ஒப்புக்கொள்ள முடியாமல். "பூஜையன்னிக்கா? அவ செய்ய மாட்டா. நான் மறந்து ஒரு தடவை பாபின்ல நூல் சுத்தினதுக்கு எங்கூட ரெண்டு நாள் பேசல."

"செய்ய மாட்டாதவ செஞ்சிருக்கான்னா வேணும்னே செஞ்சிருக்கா" என்றார் இருளாயி. "வீடு வந்ததும் மிஷினுங்களைப் பாக்க இங்கதான் வருவீங்கன்னு அவளுக்குத் தெரியும். வந்தா மொதல்ல எதைப் பாப்பீங்க?"

"பொட்டை."

"அதைத்தான் அவ திருப்பி வச்சிருக்கா."

 பிறகு மூன்று பேருமாகத் தேடினார்கள். பச்சை நூலில் தைத்தது பச்சைத் துணியாகத்தான் இருக்கும், அது எங்கே? வெட்டுத்துணி மூட்டையைக் கொட்டினார்கள். அலமாரியில் தொங்கிய கவுன்கள், ஜாக்கெட்டுகள், தலையணை உறைகள், மிஷின் மூடுகிற உறைகள். காவ்யாவின் அறையில் பாயைக்கூட உதறினான் பழனிக்குமார். பச்சையில் ஒரு ரவிக்கை கிடைத்தது, அதன் நூல் வெள்ளை. பெத்தம்மாள் நிலைப்படியிலிருந்து ஒவ்வொரு துணியாகக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். ஏதாவது கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்த மாதிரி இருந்தது.

"டீச்சர்" என்றார் இருளாயி மெதுவாக. "நீங்க உடுத்தியிருக்கிறது என்ன கலரு?"

சௌம்யா குனிந்து பார்த்தாள். யாரோ அந்நியரின் உடுப்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இதை எப்பத் தைச்சு முடிச்சீங்க?"

"தைச்சதெல்லாம் போன வாரமே. கீழ்மடிப்பு மட்டும் பாக்கி. அது நம்மளே அளவெடுக்க முடியாது மேடம். குனிஞ்சா துணி ஏறிக்கும், இன்னொரு ஆள்தான் சுத்தி வந்து மார்க் பண்ணணும். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் நான் ஸ்டூல்ல நின்னேன், காவ்யா சுத்திச் சுத்திக் குண்டூசி குத்தினா. ராத்திரியே தைச்சு முடிச்சிருப்பா..."

"பாத்தீங்களா?"

சௌம்யா யோசித்தாள். "இல்ல. புதன்கிழமை காலையில நான் கிளம்பும்போது இது கண்ணாடி பக்கத்துல தொங்குச்சு." கவுனின் விளிம்பைக் கையில் பிடித்தாள். "குண்டூசியோட தொங்குச்சு."

பழனிக்குமார் மண்டியிட்டான். கவுனின் விளிம்பை விரலால் திருப்பினான். வெளிப்பக்கம் சாதாரணத் தையல். உள்பக்கம் வேறு, ஒன்றுக்குள் ஒன்று கோத்த சின்னச் சின்னச் சங்கிலியாக ஓடியது.

"சங்கிலித் தையல். வீம்பி மட்டும்தான் இப்படித் தைக்குமா?"

"ஆமா. ஒத்தை நூல்ல ஓடுற மிஷின். உடுப்புக்கு நாங்க அதைத் தொடுறதே இல்ல. நுனியைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் பிரிஞ்சுரும்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

பின்பக்கத் தையலோரத்தில் நூலின் நுனி ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியது. முடிச்சில்லை, ஒரே ஒரு சுருக்கு. இரண்டு நாளாகச் சௌம்யாவின் கணுக்காலில் பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

"போய்க் கழட்டிட்டு வரட்டுமா?"

"நேரமில்ல. ஸ்டூல்ல ஏறுங்க" என்றார் இருளாயி.

அதே ஸ்டூல். சௌம்யா ஏறி நின்றாள். பழனிக்குமார் சுருக்கை அவிழ்த்து நூலை இழுத்தான். சர்ரென்று, ஒரு தடங்கலும் இல்லாமல், சுற்று முழுவதும் அவன் கைக்கு வந்தது. மடிப்பு தொங்கி விழுந்தது. அதன் உள்முகத்தில், கரும்பச்சைத் துணியில், துணிக்கு மார்க் போடுகிற வெள்ளைச் சாக்கால் எழுத்துகள்.

"எவனோ பக்கத்துல நிக்கிறப்ப எழுதியிருக்கா" என்றார் இருளாயி. "டெய்லர் துணியில சாக்கால கோடு போட்டா எவன் சந்தேகப்படுவான்? இதை முடிக்கலைன்னா டீச்சர் தேடுவாங்கன்னு ஏதாச்சும் சொல்லியிருப்பா. கெட்டிக்காரி. படிலே."

அவன் படித்தான். செவ்வாய்க்கிழமை காவ்யா குண்டூசியோடு சுற்றியதுபோலவே முழங்காலால் ஸ்டூலைச் சுற்றி வந்துகொண்டு, சத்தமாகப் படித்தான்.

"அக்கா, நான் காவ்யா. பூஜையன்னிக்கு வீம்பிய ஓட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஞானவேல் ஆளுங்க ரெண்டு பேரு வாசல்ல நிக்கிறாங்க. போனு, ஆதாரு எல்லாம் அவங்ககிட்ட. அது தையல் வேலை இல்லக்கா. வரலைன்னா விட மாட்டேங்கிறாங்க..."

சௌம்யா ஸ்டூலின் மேல் அசையாமல் நின்றாள். அழுகிறாள் என்பது, மேலேயிருந்து அவன் கைமேல் ஒரு சொட்டு விழுந்தபோதுதான் தெரிந்தது.

"வியாழக்கிழமை காலையில ஆறு மணி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு. வெள்ளை வேன். ஜன்னல்ல நீலத் துணி கட்டியிருக்கும். நம்பர்..."

நிறுத்தினான். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினான். சாய்த்துப் பார்த்தான்.

"நம்பர் என்னலே?"

"அழிஞ்சிருக்குக்கா."

இரண்டு நாள் அந்த மடிப்பு சௌம்யாவின் காலில் உரசியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைந்திருக்கிறது. மாவட்ட எண் இருக்குமிடத்தில் ஒரு ஐந்து, அதற்கப்புறம் ஒரு வெள்ளைத் தீற்றல். விரலால் தடவிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது, இருக்கிற ஐந்தும் போய்விடுமோ என்று.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன்" என்றாள் சௌம்யா. "அவளைக் காணோம்னு எழுதிக் குடுக்க இதைப் போட்டுக்கிட்டுத்தான் போனேன். கைக்குக் கிடைச்சதைப் போட்டேன் மேடம். ஒரு மாசம் முன்னாடி வெளிநாட்டு வேலைன்னு சொன்னா. என்கிட்டக் கேக்காம எங்கயும் கையெழுத்துப் போடாதேன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. ஆனா கடைசியில என்கிட்டத்தான் சொல்லியிருக்கா. என் காலுக்குக் கீழயே சொல்லியிருக்கா."

"இறங்குங்க டீச்சர்."

"ராத்திரியே வந்திருந்தா..."

"இறங்குங்க" என்றார் இருளாயி மறுபடியும், அதட்டாமல். போனை எடுத்தார். தனக்குத் தெரிந்த பழைய இன்ஸ்பெக்டருக்குப் போட்டு, வெள்ளை வேன், நீலத் துணி, வியாழன் காலை ஆறு மணி என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஆமா சார், வியாழக்கிழமைதான். இன்னிக்குச் சனிக்கிழமைன்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். ஐம்பத்து மூன்று மணி நேரம். அதற்குள் ஒரு வேன் எந்த மாநிலத்துக்கும் போய்விடலாம், உள்ளே இருப்பவர்கள் வேறு வேனுக்கும் மாறிவிடலாம். பொட்டைக் கண்டுபிடித்தது, நூலைக் கண்டுபிடித்தது, மடிப்பைக் கண்டுபிடித்தது எல்லாம் சரிதான். எல்லாம் இரண்டு நாள் பிந்திய கெட்டிக்காரத்தனம்.

"மிச்சம் ஏதும் இருக்கா?" என்றார்.

இருந்தது. சுற்று முடிகிற இடத்தில், எழுத்து சின்னதாகிப் போயிருந்தது. பழனிக்குமார் முதலில் மனதுக்குள் படித்தான். அதைச் சத்தமாகப் படிக்க வேண்டுமா என்று இருளாயியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"ராத்திரி நீங்க வந்துருவீங்க, இதைப் பாத்துருவீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. அம்மாவ அங்க வரச் சொல்லாதீங்க. பயந்துரும்."

நிலைப்படியில் பெத்தம்மாள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. பொரிப் பை இடுப்பில் இருந்தது.

பழனிக்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளனே மொத பஸ்ஸு. வத்தலக்குண்டு. ரெண்டு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே அறையில் கலெக்டர் என்றும் கூட்டு என்றும் தான் அடித்த கூத்து நெஞ்சில் வந்து அடைத்தது. அவளுக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும், எதையாவது, என்ன கோணங்கித்தனமானாலும் சரி. ஆறு வருஷமாக ஒரு நாளும் வறண்டுபோகாத வாய். அதில் ஒரு சொல் வரவில்லை.

"எத்தனை மணின்னு எழுதியிருக்காய்யா?" என்று கேட்டாள் பெத்தம்மாள்.

"ஆறும்மா."

"எங்க?"

 இருளாயிதான் சொன்னார். "வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு."

"நீலத் துணி" என்றாள் பெத்தம்மாள். ஜன்னலைப் பார்த்தாள், வெளியே மேகம்தான் இருந்தது. "ஆமாய்யா. ஜன்னலு பூராவும் நீலத் துணிதான். உள்ள யாரு இருக்கான்னு தெரியல."

"பெத்தம்மா, உக்காரு" என்றார் இருளாயி.

அவள் உட்காரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கனமான எதையோ பிடித்து இழுப்பது போலக் காட்டினாள், இவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று.

"மூட்டை குறுக்க கெடந்துச்சு தாயி. அது அங்கனயே கெடந்திருந்தா வேனு போயிருக்க முடியாது. நான்தான் இப்படி இழுத்துப் போட்டு, போப்பா சாமி, போன்னு வழி விட்டேன்."